ஆற்றங்கரைக் கோட்டையும் செப்புத் தகட்டின் சாட்சியமும்

என்னிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இப்போது ஜெர்மனி நாட்டில் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊர் வந்தவர், எனக்கென ஒரு படத்தைச் சுருட்டிக் கொண்டு வந்தார். பழைய செதுக்கோவியம் ஒன்றின் மறுபதிப்பு அது. வளைந்தோடும் ஓர் ஆறு; இருமருங்கிலும் காடடர்ந்த குன்றுகள்; இடப்புறக் குன்றின் சரிவில் கூரையிழந்த மாளிகையொன்று; பிளந்து நிற்கும் கோபுரம்; தொலைவில் சமவெளியில் சாயும் மாலை ஒளி. வண்ணம் ஏதுமில்லை. கருமையும் வெண்மையும் கலந்த நுண்கோடுகளே அத்தனையும். பார்த்த கண் மீளாத அழகு.

அதனை வகுப்பறைச் சுவரில் மாட்டினேன். மறுநாள் சிறுவர் கூட்டம் சூழ்ந்து நின்றது. "இதை இடித்தவர் யார் ஹஜ்ரத்?" என்று ஒருவன் கேட்டான். "காலம் இடித்தது" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்க முற்பட்டேன். அவன் விடவில்லை. "காலத்துக்குக் கை ஏது ஹஜ்ரத்?" என்றான். பிள்ளைகள் சிரித்தனர். எனக்கோ வெட்கமாயிருந்தது. முப்பதாண்டுக் காலம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் ஒரு படத்தின் அழகில் மயங்கி, அதன் வரலாற்றைக் கேளாது விட்டேனே என்ற வெட்கம் அது.

பாழ்மனை முன் நின்று கண்ணீர் உகுத்துப் பாடலைத் தொடங்குவது பழைய அரபுக் கஸீதாக்களின் மரபு. இம்ரவுல் கைஸ் முதலான பெருங்கவிஞர்கள் இம்மரபைப் பொன்னே போல் போற்றினர். அப்பாழிடங்களை 'அத்லால்' என்பர். ஆனால் அங்கே இடித்தவர் என்று எவருமில்லை. கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு கூட்டம் அடுத்த நீர்நிலையை நாடிப் போயிற்று. எஞ்சிய சுவட்டைக் காற்றும் மழையும் அழித்தன. ஆகவே, அங்கே காலத்தை நொந்து கொள்வது பொருந்தும். கல்லால் கட்டிய கோட்டையோ அத்தகையதன்று. அது தானாக விழுவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்ததே என் பிழை.

அச்சிறுவனுக்கு விடை சொல்வதற்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முழுமை கண்ட தகடு

படத்திலுள்ள ஊர் ஹைடல்பெர்க். ஆறு, நெக்கார். அது அவ்வூரைக் கடந்து, மன்ஹைம் நகரருகே ரைன் பேராற்றோடு கலக்கிறது. ஆற்றின் தென்கரையில், நகருக்கு மேலே ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில், செந்நிற மணற்கல்லால் எழுப்பப்பட்டது அக்கோட்டை. பாலட்டினேட் என்னும் நாட்டை ஆண்ட இளவரசர்களின் அரண்மனை அது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிலருள் இவர்களும் அடங்குவர். இன்றைய ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தை 1386ஆம் ஆண்டில் இதே ஊரில் நிறுவியவர்களும் இம்மரபினரே.

இக்கோட்டை முழுமையாக நின்ற கோலத்தைக் காட்டும் செதுக்கோவியங்களுள் தலையாயது, மத்தேயுஸ் மேரியன் என்பவர் 1620ஆம் ஆண்டில் வெளியிட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1593ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். பின்னாளில் பிராங்பர்ட் நகரில் பெரும் பதிப்பாளராக விளங்கினார். ஜெர்மானிய நகரங்களின் தோற்றங்களைத் தொகுத்து 1642ஆம் ஆண்டு முதல் வரிசையாக அவர் வெளியிட்ட நூல்கள் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றவை.

இவ்வோவியங்கள் உருவாகும் முறையைச் சிறிது அறிதல் நலம். பளபளக்கத் தேய்த்த செப்புத் தகட்டின் மீது கூரிய எஃகு உளியால் கோடு கோடாகக் கீறுவது ஒரு முறை. தகட்டின் மேல் மெழுகுப் பூச்சிட்டு, அதில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் இட்டு, வரைந்த கோடுகளை மட்டும் அரிக்கச் செய்வது மற்றொரு முறை. பின்னர் தகடு முழுவதும் மை பூசித் துடைப்பர். பள்ளமான கோடுகளில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து உருளைப் பொறியில் அழுத்தினால் படம் தாளில் ஏறும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி விழும் என்பதால், செதுக்குபவர் அனைத்தையும் தலைகீழாகவே எண்ணிச் செதுக்க வேண்டும். ஒரு கோடு பிழைத்தால் அதனைத் திருத்துவது எளிதன்று. அத்துணைப் பொறுமை வேண்டும் தொழில் இது.

மேரியனின் படத்தில் ஆற்றின் வடகரையிலிருந்து நகரைக் காண்கிறோம். கூரை வேய்ந்த மரப்பாலம் ஆற்றைக் கடக்கிறது. அதற்கப்பால் நெருங்கிய வீடுகள். நடுவே பரிசுத்த ஆவி தேவாலயத்தின் கோபுரம். இடப்புறச் சரிவில், கூரையும் கொடுமுடியும் குறையாத கோட்டை. அதனையடுத்து மலையைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் அமைத்த அடுக்குத் தோட்டம்.

அத்தோட்டத்திற்கு ஒரு கதை உண்டு. இளவரசர் ஐந்தாம் பிரெடெரிக் 1613ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்சின் மகள் எலிசபெத்தை மணந்தார். அரசியின் உள்ளம் குளிர, சாலமோன் த கோ என்னும் பொறியாளரைக் கொண்டு அத்தோட்டத்தைத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன் 1619ஆம் ஆண்டில் பொஹீமிய நாட்டின் மணிமுடி அவரைத் தேடி வந்தது. ஏற்றுக்கொண்டு புறப்பட்டார். அடுத்த ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிராக் நகரருகே வெண்குன்றுப் போரில் தோற்று, நாடிழந்து ஓடினார். ஒரு குளிர்காலமே ஆண்டமையால் 'குளிர்கால மன்னர்' என்று உலகம் அவரை எள்ளிற்று. தோட்டத்தை வகுத்தவர் தம் திட்டம் முழுவதையும் படங்களாக 1620ஆம் ஆண்டில் நூலாக்கி வெளியிட்டார். மண்ணில் முடியாத தோட்டம் செப்புத் தகட்டில் முடிந்தது! மேரியனின் நகரப் படம் அச்சேறியதும், அந்நகரின் நல்வாழ்வு அறுந்ததும் ஒரே ஆண்டில் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நூலகம் போன வழி

அந்தத் தேவாலயத்தின் மாடங்களில் ஒரு நூலகம் இருந்தது. கல்வியை மதிப்போர் எவரும் அதன் கதையைக் கேட்டுக் கலங்காதிருக்க முடியாது. அக்காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அதற்கு இணையான நூலகங்கள் மிகச் சிலவே. கிழக்கு நாடுகளில் அலைந்து அரபுக் கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டிய பிரெஞ்சு அறிஞர் கியோம் போஸ்தல் என்பவரின் சேகரத்திலிருந்தும் ஏடுகள் அங்கு வந்து சேர்ந்திருந்தன. அரபு எழுத்துகளைக் கற்பிக்க 1582ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்ட யாக்கோப் கிறிஸ்ட்மன் என்பவர் அப்பல்கலைக்கழகத்தில் அரபுப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். மேற்கே அரபு மொழிக்குக் கிடைத்த முதற்சில இருக்கைகளுள் ஒன்று அது.

1622ஆம் ஆண்டு செப்டம்பரில் கத்தோலிக்க அணியின் படை நகரைப் பிடித்தது. வென்ற பவேரியக் கோமகன் மாக்சிமிலியன், நூலகத்தைப் போப் பதினைந்தாம் கிரிகோரிக்குக் காணிக்கையாக்கினார். அதனைப் பெற்றுச் செல்ல ரோமிலிருந்து வந்தவர் லியோனே அல்லாச்சி என்னும் அறிஞர். சுமை குறைய வேண்டுமென்று ஏடுகளின் அட்டைகளைப் பிரித்தெறியச் செய்தார். ஏறத்தாழ 3,500 கையெழுத்துப் பிரதிகளும் ஆயிரக்கணக்கான அச்சு நூல்களும் 196 பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கோவேறு கழுதைகளின் மீது ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோம் சேர்ந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1816ஆம் ஆண்டில், 847 ஜெர்மானியப் பிரதிகள் திரும்பி வந்தன. எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை இன்றும் வத்திக்கானில்தான் உள்ளன.

மேரியனின் படத்தில் அத்தேவாலயத்தின் கோபுரத்தைக் காணும்போது, நூல்கள் உள்ளே இருந்த காலத்துக் கோபுரம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இடித்த கைகள்

கோட்டை அப்போதும் விழவில்லை. போர் ஓய்ந்தபின் பிரெடெரிக்கின் மகன் நாட்டை மீளப் பெற்றுச் சீர்திருத்தினார். அவருடைய மகள் எலிசபெத் சார்லட் 1671ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்கு மணமுடிக்கப்பட்டார். பகை வாராதிருக்கச் செய்த சம்பந்தம் அது. அதுவே பகைக்கு வாயிலாயிற்று. அவ்வம்மையாரின் உடன்பிறந்தார் 1685ஆம் ஆண்டில் பிள்ளையின்றி இறக்கவே, தம்பி மனைவியின் பெயரால் லூயி மன்னர் அந்நாட்டில் பங்கு கேட்டுப் படை அனுப்பினார்.

1688ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை ஹைடல்பெர்க்கில் நுழைந்தது. நிலைத்து நிற்க முடியாதென்று கண்டபோது, எதிரிக்கு எதுவும் பயன்படலாகாது எனப் பிரெஞ்சு அரசவையிலிருந்து கட்டளை பிறந்தது. 1689ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கோட்டையில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர், நகருக்கும் தீயிட்டனர். அப்பகுதியெங்கும் ஊர்களை எரித்த தளபதி மெலாக் என்பவரின் பெயரை மக்கள் நெடுங்காலம் தம் நாய்களுக்கு இட்டு வந்தனர். 1693ஆம் ஆண்டில் படை மீண்டும் வந்தது. இம்முறை நகரம் ஏறக்குறைய முழுவதும் சாம்பலாயிற்று. தேவாலயமும் எரிந்தது. அதற்கெதிரே 1592ஆம் ஆண்டில் துணி வணிகர் ஒருவர் கட்டிய வீடு போன்ற மிகச் சிலவே தப்பின. கோட்டையின் எஞ்சிய கோபுரங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சுரங்க வெடிக்குப் பலியான வெடிமருந்துக் கோபுரம், ஏறத்தாழ 6 மீட்டர் கனமுள்ள சுவரோடு, உடைந்து சிதறாமல் ஒரே பாளமாய் அகழியில் சரிந்தது. என் வகுப்பறைப் படத்தில் பிளந்து நிற்பது அக்கோபுரமே. அழிவின் நினைவாகப் பிரான்சில் பதக்கமும் வார்க்கப்பட்டது.

யாருடைய உரிமையின் பேரால் இவ்வளவும் நிகழ்ந்ததோ, அந்த எலிசபெத் சார்லட் பிரெஞ்சு அரசவையில் உறக்கமின்றித் தவித்தார். கண்ணயரும்போதெல்லாம் தாம் பிறந்த ஊர் எரிவதைக் காண்பதாகத் தம் உறவினருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் இன்றும் உள்ளன.

பின் நடந்தவை சுருக்கமானவை. 1720ஆம் ஆண்டில் இளவரசர்கள் தலைநகரை மன்ஹைமுக்கு மாற்றினர். மீண்டும் கோட்டையில் குடியேறும் எண்ணம் பிறந்திருந்த வேளையில், 1764ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், இடி விழுந்து எஞ்சிய பகுதியும் எரிந்தது. அதன்பின் கோட்டை கற்குவாரியாயிற்று. இளவரசர் ஸ்வெட்சிங்கன் அரண்மனைப் பணிக்குக் கல் எடுத்தார். ஊரார் தம் வீடுகளுக்குக் கல் எடுத்தனர்.

இடித்தவர் யார் என்ற வினாவுக்கு விடை இப்போது தெளிவு. மன்னரின் பேராசை இடித்தது, படைவீரரின் கை இடித்தது, மின்னல் எரித்தது, இறுதியில், அண்டை வீட்டாரின் கூடையும் வண்டியும் சிறுகச் சிறுகச் சுமந்து சென்றன. பகைவரின் கொடுமையை மட்டும் சொல்லி நம்மவரின் அலட்சியத்தை மறைப்பது வரலாறு ஆகாது.

காத்த கை

1810ஆம் ஆண்டில் ஒருவர் அவ்வூருக்கு வந்தார். சார்ல் த கிரெய்ம்பெர்க் என்று பெயர். பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது நாடு விட்டு வந்தவர். படம் வரைவதில் ஈடுபாடு மிக்கவர். சில நாள் தங்கி வரைந்து செல்ல வந்தவர், 1864ஆம் ஆண்டில் இறக்கும் வரை, ஐம்பத்துநான்கு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்!

இடிபாட்டுக்குள்ளேயே பல்லாண்டு குடியிருந்து, தாமே காவலராகி, கல் எடுக்க வந்தோரைத் தடுத்தார். கோட்டையை எல்லாக் கோணங்களிலிருந்தும் வரைந்தார். கார்ல்ஸ்ரூ நகரின் அரசவைச் செதுக்குநர் ஹால்டன்வாங் முதலிய வல்லுநர்கள் அவற்றைத் தகட்டில் ஏற்றினர். அப்படங்கள் வழிப்போக்கரின் பெட்டிகளில் ஐரோப்பா முழுதும் பரவின. படத்தைக் கண்டவர் ஊரைக் காண வந்தனர். ஊரைக் காண வந்தவர் பெருகவே, கல் எடுக்கும் கை தயங்கியது. கட்டடத்தைவிடக் காட்சிக்கு மதிப்புண்டு என்று ஊரார் உணர்ந்தனர். பழம்பொருள்களையும் அவர் சலியாது திரட்டினார். அச்சேகரத்தை அவர் மறைவுக்குப் பின் நகரம் வாங்கியது. இன்றைய நகர அருங்காட்சியகத்தின் அடித்தளம் அதுவே.

இடித்தது பிரெஞ்சு மன்னரின் படை. காத்தது பிரெஞ்சு நாட்டு அகதி. ஓர் இனத்தை முழுமையாகப் பழிப்போர் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

அக்காலத்தில்தான் செம்புக்கு மாற்றாக எஃகுத் தகடு வந்தது. செப்புத் தகடு சில நூறு பிரதிகளிலேயே தேயத் தொடங்கும்; எஃகோ பல்லாயிரம் பிரதிகளைத் தாங்கும். ரைன் ஆற்றின் காட்சிகள் தொகுதி தொகுதியாக வந்தன. டோம்பிள்சன் என்பவர் இலண்டனில் 1832ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ரைன் காட்சிகள் அவற்றுள் பெயர் பெற்றவை. 1840ஆம் ஆண்டில் மன்ஹைமிலிருந்து ஹைடல்பெர்க்குக்கு இருப்புப்பாதையும் வந்தது. நன்மையோடு ஒரு தீமையும் வளர்ந்தது. செதுக்குபவர் பலர் ஊரையே காணாதவர். பிறர் வரைந்ததைப் பார்த்துப் பட்டறையில் அமர்ந்து செதுக்கியவர். விற்பனைக்காக மலையை உயர்த்தினர், நிலவை ஏற்றினர், ஆட்டிடையனை முன்னே நிறுத்தினர். கோட்டை, ஆறு, குன்று மூன்றும் சேர்ந்தால் போதும் என்றாயிற்று. எரிந்த ஊரின் நினைவு அந்நிலவொளியில் கரைந்து போயிற்று. நான் "காலம் இடித்தது" என்று சொன்னதற்கும் அந்நிலவொளியே காரணம்.

இரு கவிஞர்கள்

இக்கோட்டையோடு கீழ்த்திசைக்கும் ஓர் உறவு உண்டு. ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே 1779ஆம் ஆண்டில் பிளந்த கோபுரத்தைத் தம் கையால் வரைந்தார். 1815ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வந்து, இங்கு மரியானா வில்லெமர் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். பாரசீகக் கவி ஹாஃபிஸின் பாடல்களை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்து உள்ளம் பறிகொடுத்திருந்த காலம் அது. 1819ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'மேலைக் கீழைத் திவான்' என்னும் நூலில் ஹைடல்பெர்க் நாட்களின் சாயல் உண்டு.

சரியாக 92 ஆண்டுகளுக்குப் பின், 1907ஆம் ஆண்டுக் கோடையில், அல்லாமா இக்பால் இவ்வூருக்கு வந்து தங்கினார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் பொருட்டு ஜெர்மன் மொழி பயின்றார். நெக்கார் ஆற்றங்கரை மாலைப் பொழுதைப் பற்றி அவர் உருதுவில் ஒரு சிறு கவிதை இயற்றினார். நிலவும் மரமும் மலையும் ஆறும் அதில் அமைதியில் ஆழ்ந்துள்ளன. கோட்டை அதில் இல்லை. கதேயின் திவானுக்கு மறுமொழியாக அவர் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட பாரசீக நூல் 'பயாமே மஷ்ரிக்'. இன்று நெக்கார் கரையின் ஒரு பகுதி இக்பாலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இக்பால் வந்த காலத்தில் அவ்வூர் ஒரு பெரும் வழக்கில் மூழ்கியிருந்தது. கோட்டையைப் பழையபடி புதுப்பித்துக் கட்ட வேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். நான்காம் பிரெடெரிக் கட்டிய பகுதி 1897 முதல் 1900 வரை அவ்வாறே புதுப்பிக்கப்பட்டது. மற்றப் பகுதிகளையும் அப்படியே செய்ய முற்பட்டபோது, கியோர்க் டேகியோ என்னும் கலை வரலாற்றறிஞர் 1901ஆம் ஆண்டில் எதிர்த்து எழுதினார். பாதுகாப்பதே கடமை, ஊகித்துப் புதிதாகக் கட்டுவது பொய்ச் சான்று ஆகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இரு சாராரும் பழைய செதுக்கோவியங்களைப் புரட்டினர். முடிவில், எஞ்சிய பகுதி இடிபாடாகவே விடப்பட்டது. உடைந்தது உடைந்ததாகவே நின்று உண்மை உரைக்கிறது.

படத்தைப் படிக்கும் முறை

இத்தகைய படங்களைப் பார்ப்பது வேறு; படிப்பது வேறு. ஹைடல்பெர்க் படம் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் பாலத்தைப் பார்க்க வேண்டும். 1784ஆம் ஆண்டில் பனிக்கட்டி வெள்ளம் மரப்பாலத்தை அடித்துச் சென்றது. 1788ஆம் ஆண்டில் கற்பாலம் முடிந்தது. ஆகவே கற்பாலம் காணும் படம் அதற்குப் பிந்தியது. அடுத்து, கோட்டையின் கூரையைப் பார்க்க வேண்டும். கோபுரம் முழுமையா, பிளந்ததா என்று பார்க்க வேண்டும். அழகு நம்மை மயக்குமுன் இவ்வளவையும் கேட்டுவிட வேண்டும்.

மேரியனின் 1620ஆம் ஆண்டுப் படத்தின் பிரதியொன்றையும் அம்மாணவரிடம் சொல்லி வரவழைத்து, பழைய படத்தின் பக்கத்தில் மாட்டினேன். ஒன்று முழுமை, மற்றொன்று சிதைவு. இரண்டுக்கும் இடையே சுவரில் ஒரு சாண் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் ஒரு தாளை ஒட்டி, 1622, 1689, 1693, 1764 என்னும் ஆண்டுகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இன்னார் செய்தார் என்று எழுதுமாறு வினாக் கேட்ட சிறுவனிடமே சொன்னேன். அவன் எழுதி முடித்துவிட்டு, "1810ஐயும் எழுதட்டுமா ஹஜ்ரத்?" என்றான். எழுதினான்.

இதனைப் படிக்கும் குடும்பத்தாரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. நம் வீட்டு அலமாரிகளிலும் பழைய படங்கள் உள்ளன. இடிந்துபோன ஒரு தைக்கா, விற்றுவிட்ட ஒரு பூர்வீக வீடு, ஆறு திசை மாறுமுன் இருந்த ஒரு படித்துறை, பாட்டனாரோடு நின்ற பெயரறியாக் கூட்டம். பார்த்துப் பெருமூச்செறிகிறோம், "அது அந்தக் காலம்" என்கிறோம், மீண்டும் உள்ளே வைத்து விடுகிறோம். விவரம் அறிந்த மூத்தோர் உயிரோடு உள்ளபோதே அவர்கள் அருகில் அமருங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, கட்டியவர் யார், கைவிட்டவர் யார் என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள். இல்லையெனில், நம் பேரப்பிள்ளைகள் கேட்கும் நாளில், நானும் என் வகுப்பில் சொன்னதைப் போல, காலத்தின் மீதே பழியைப் போட நேரும்.